கடைசியில் ஓடிய ஜெசிந்தா

“ஏன் டீச்சர், நீங்க திரும்பியே பாக்க மாட்டியளா?”

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் மணியின் டீக்கடை வாசலில், ஜெசிந்தா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. அன்றுதான் நான் ஓட்டக் குழுவில் சேர்ந்திருந்தேன். கணக்கு டீச்சராக ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. டாக்டர் நடக்கத்தான் சொன்னார். நடப்பதற்குத் துணை கிடைக்கவில்லை, ஓடுகிறவர்கள்தான் கிடைத்தார்கள். எல்லோருக்கும் கடைசியாகப் போய் நிற்கக் கூடாது என்ற ஒரே நினைப்பில் தலையை நிமிர்த்தாமல் ஓடி வந்திருந்தேன்.

“திரும்பிப் பார்த்தா வேகம் குறையும்னு பிள்ளைங்களுக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேனுங்க” என்றேன்.

“பந்தயம்னா சரி. நாம டீ குடிக்கத்தான போறோம்” என்றார் அவர்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை காலை ரங்கசாமி போன் செய்தார். பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட் வைத்திருப்பவர், எங்கள் குழுவில் முன்வரிசை ஓட்டக்காரர், போனை எடுத்தால் வைக்க மனம் வராதவர். அன்று ஒரே கேள்விதான் கேட்டார்.

“டீச்சர், உக்காந்திருக்கறீங்களா?”

“நின்னுட்டுத்தானுங்க இருக்கேன். சொல்லுங்க.”

“இல்லீங்க, உக்காருங்க.”

உட்கார்ந்தேன். வேலைக்குக் கிளம்பிய ஜெசிந்தா வீட்டுப் படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததையும், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதையும் சொன்னார். அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதத் தொடங்கிய பிறகே நான்கு முறை எழுந்து வாசல் வரை போய் வந்துவிட்டேன். வாசலில் ஒன்றுமில்லை. என் பழைய ஓட்ட ஷூ மட்டும் கிடக்கிறது.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெசிந்தா தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமான புதிதில் கணவரோடு திருப்பூருக்கு வந்து, ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் நிற்கத் தொடங்கி, அங்கேயே செக்கிங் சூப்பர்வைசர் ஆனவர். தைத்து வரும் உருப்படியை ட்யூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எதுவானாலும் கண்டுபிடித்து, அந்த இடத்தில் சின்னதாய் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். இருபத்தைந்து வருடம் அதையே செய்த கண் அவருடையது. ஞாயிற்றுக்கிழமை என்பதற்காக அந்தக் கண்ணுக்கு லீவு விட முடியுமா?

எங்கள் குழுவில் எழுதி வைத்த விதி ஒன்றும் கிடையாது. ஒரு வழக்கம் மட்டும் உண்டு. கடைசி ஆள் வந்து சேர்ந்தால்தான் மணி டீ ஆற்றுவார். முதலில் வந்தவர் யாராக இருந்தாலும் பெஞ்சில் காத்திருக்க வேண்டியதுதான். அந்தக் கடைசி ஆள் எப்போதும் ஜெசிந்தா. பாவம், அவருடைய வேகமே அவ்வளவுதான் என்று பல மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரண்டு நாய்கள் எங்களைத் துரத்தின. ஜெசிந்தா என்னைத் தாண்டி, ரங்கசாமியையும் தாண்டிப் பறந்தார். நாய்கள் திரும்பிப் போனதும் நின்று, எங்களை எல்லாம் முன்னே போகவிட்டு, மறுபடி கடைசியில் சேர்ந்துகொண்டார்.

“நாய் வந்தா மட்டும் முன்னாடி, அப்படித்தானுங்களாக்கா?” என்றார் ரங்கசாமி.

“நாய் என் டிப்பார்ட்மெண்ட் இல்லல்லா” என்றார் ஜெசிந்தா.

அவருடைய ஷூவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். லேஸை உருவிப் போட்டுவிட்டு, ஜட்டியின் இடுப்புக்கு வைக்கும் எலாஸ்டிக்கை அந்த ஓட்டைகளில் கோத்துத் தைத்திருந்தார். செருப்பு மாதிரி காலை நுழைத்தால் போதும். “லேஸ் கட்ட ஒருக்கா குனிஞ்சா ஒரு நிமிசம் போச்சு டீச்சர். அங்கன பதினஞ்சு பேரு டீக்கு வாயப் பாத்துக்கிட்டு இருப்பாவ” என்பார்.

திருப்பூரில் ஓர் ஓட்டக் குழுவுக்கு டி-ஷர்ட் இல்லை என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. எங்களுக்கு இன்றுவரை இல்லை. துணி ரங்கசாமியின் யூனிட்டில் ஓட்டியது. தையல் மனோஜ்; பீகாரிலிருந்து வந்த டெய்லர், எங்கள் எல்லோரையும் விட வேகமாக ஓடுகிறவர். சாயத்துக்கும் பிரிண்டிங்குக்கும்கூட ஆட்கள் குழுவிலேயே இருந்தார்கள். எல்லோரும் தொழில் தெரிந்தவர்கள் என்பதுதான் சிக்கல். முதல் சாம்பிளை ஜெசிந்தா டீக்கடை மேசையில் விரித்தார். கழுத்துத் துணியின் கலரும் உடம்புத் துணியின் கலரும் சேரவில்லை என்று ஓர் அம்பு. அடுத்ததில் முதுகுப் பக்கத்துப் பிரிண்ட் அரை சென்டிமீட்டர் இடப்பக்கம். அதற்கடுத்ததில் தோள் தையல் இழுக்கிறது. தையல் சரி, துணிதான் சரியில்லை என்றார் மனோஜ். “துணியச் சொல்லாதப்பா, உன் மிஷினப் பாரு” என்றார் ரங்கசாமி. ஆறாவது சாம்பிளிலும் நான்கு அம்பு விழுந்தபோது ரங்கசாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

“அக்கா, ஓடி வேர்த்து ஊத்துனா இதெல்லாம் யாருக்குங்க தெரியப் போவுது?”

“எக்ஸ்போர்ட்டுக்குப் போறத எவன் போடுதான், எவன் கழட்டுதான்னு எனக்குத் தெரியாது. இத நீங்க போட்டுக்கிட்டு எனக்கு முன்னால ஓடுவிய. ஏழு கிலோமீட்டரும் பின்னாலருந்து இந்தக் கோணலப் பாத்துக்கிட்டே வரணும்லா நான்?”

மேசையைச் சுற்றி எழுந்த சிரிப்பில் மணி ஒரு டம்ளரைக் கீழே போட்டுவிட்டார்.

அந்த அம்புகள் மனிதர்கள் மேலும் விழும். ஒரு காலை, ஓட்டம் முடிந்து பெஞ்சில் இருந்தபோது ஜெசிந்தா குனிந்து என் வலது ஷூவின் குதிகாலில் ஒன்றை ஒட்டினார். “உள்பக்கமா தேயுது டீச்சர். முட்டி வலிக்கா?” வலித்துக்கொண்டுதான் இருந்தது. வீட்டில் சொன்னால் ஓட விடமாட்டார்கள் என்று மூடி வைத்திருந்தேன். ஏழு கிலோமீட்டரும் பின்னாலிருந்து பார்த்தவரிடம் எதை மூடுவது?

ஒருமுறை ஊத்துக்குளி வரை ஓடிப்போய், வெண்ணெய் வாங்கிக்கொண்டு ரயிலில் திரும்பலாம் என்று கிளம்பினோம். எங்கள் குழுவின் பெரிய சாகசம் அது. யார் முதலில் போய்ச் சேர்வார்கள் என்று முதல் நாள் முழுவதும் வாட்ஸப்பில் சவால் விட்ட ரங்கசாமிக்குப் பாதி வழியிலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. “நீங்க போங்கக்கா, நான் மெதுவா வர்றேன்” என்றாராம். “உம்ம விட்டுட்டுப் போனா நான் எப்படிக் கடைசி ஆளாவேன்?” என்று ஜெசிந்தா அவரோடு நடந்தார். நாங்கள் பிளாட்பாரத்தில் ஆளுக்கு ஒரு பொட்டலம் வெண்ணெயோடு நின்றோம். ரயில் வந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் ஏறவில்லை. ரயில் போய்விட்டது. ஜெசிந்தா வந்து சேர்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். “டீக்குத்தான நிக்கச் சொன்னேன்? ரயிலையுமா விடுவிய?” அடுத்த ரயில் வருவதற்குள் வெண்ணெய் உருகி எல்லோர் கையிலும் வழிந்தது. ரங்கசாமியின் கெண்டைக்காலில் அதையே தேய்த்துவிட்டார் மனோஜ். அந்த வருடத்தில் நான் அவ்வளவு சிரித்த நாள் வேறில்லை.

இனி அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. இதைச் சொல்லத்தான் எழுந்து எழுந்து போகிறேன்.

புதன்கிழமைக்கு மூன்று நாள் முன்பு. திரும்பி வரும் வழியில், டிரான்ஸ்பார்மர் தாண்டியதும், நான் திரும்பிப் பார்த்தேன். ஆறு வருடத்தில் அந்தப் பழக்கம் வந்திருந்தது. ஜெசிந்தா சாலை ஓரத்தில் குனிந்து, ஒரு கையை ஷூவின் மேல் வைத்துக்கொண்டிருந்தார்.

“என்னாச்சுங்க?” என்று குரல் கொடுத்தேன்.

“லேஸ் அவுந்துட்டு டீச்சர். நீங்க போங்க, இன்னா வாரேன்” என்று நிமிராமலே கையை அசைத்தார்.

நான் போய்விட்டேன். பத்து நிமிடம் கழித்து வந்தார். டீயைப் பாதி குடித்தார். ஏழாவது சாம்பிள் எப்போது வரும் என்று மனோஜைக் கேட்டார். எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது.

புதன்கிழமை அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன். பக்கத்தில் அவருடைய ஷூ கிடந்தது. எலாஸ்டிக் கோத்த ஷூ. அவிழ்வதற்கு அதில் லேஸே கிடையாது.

முப்பத்திரண்டு வருடம் கணக்குப் பேப்பர் திருத்தியவள் நான். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கட்டின் முடிவில், கை ஓய்ந்த நேரத்தில், கடைசி வரியில் விடை சரியாக இருந்தால் நடுவில் உள்ள வரிகளைப் பார்க்காமல் டிக் போட்டுவிடுவேன். ஜெசிந்தா கையை அசைத்தார், விடை சரி. நான் டிக் போட்டுவிட்டு ஓடினேன். திரும்பிப் பார்க்கத் தெரிந்தது. பார்த்ததைச் சரிபார்க்கத் தெரியவில்லை. அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தால் என்ற கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கால்கள் நிற்கமாட்டேன் என்கின்றன.

அடக்கம் முடிந்து வரும்போது ரங்கசாமியிடம் இதைச் சொன்னேன். அவர் பாதையோரம் ஒதுங்கி நின்றார். பிறகு, “எங்கிட்ட அன்னிக்கு நெஞ்சு கரிக்குதுன்னாங்க டீச்சர். நேத்து பிரியாணியான்னு கேட்டுச் சிரிச்சேனுங்க” என்றார். பின்னால் வந்த மனோஜ், தனக்குத் தெரிந்த தமிழில், “அக்கா என் தண்ணி பாட்டில் வாங்கி முழுசா குடிச்சாங்க. முன்னாடி எப்பவும் கேட்டதில்ல” என்றார். ஆளுக்கு ஒரு துண்டு இருந்திருக்கிறது எங்களிடம். மேசையில் விரித்துச் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஓடினோம். போக வேண்டாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் இருக்க முடியாதவர்கள்தான் எல்லோரும். கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் நான் வேகத்தைக் குறைத்தேன். இன்று கடைசியில் நான் வருவது என்று முடிவு செய்திருந்தேன். பார்த்தால், என் பக்கத்தில் ரங்கசாமி மூச்சே வாங்காமல் தவழ்கிறார்.

“நீங்க போங்க ரங்கசாமி.”

“இல்லீங்க டீச்சர், நீங்க முன்னாடி போங்க.”

மனோஜ் ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஒருவர் செடி பார்த்தார். ஒருவர் போன் பார்த்தார். பதினைந்து பேரும் கடைசி இடத்துக்குப் போட்டி போட்டதில் ஓட்டம் நடையாகி, நடை நின்றே போய், டிரான்ஸ்பார்மர் பக்கம் ஒரு கும்பலாக நின்றுகொண்டிருந்தோம். நைட் ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் இரண்டு பேர், ஏதோ ஆக்சிடெண்ட் என்று நினைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு யாருடைய முகத்தையும் யாரும் பார்க்கவில்லை.

டீக்கடைக்கு மொத்தமாகப் போய்ச் சேர்ந்தபோது மணி வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். “என்னங்க, இன்னிக்கு யாருமே முன்னாடி வரலீங்களா? யாருங்க கடைசி?” என்றார். கேட்டுவிட்டு அவராகவே பாய்லர் பக்கம் திரும்பி டீ ஆற்றத் தொடங்கினார்.

அந்தப் பெஞ்சில் வைத்து ஒன்று முடிவு செய்தோம். இனிமேல் கடைசியில் ஓடுவது ஒருவர் அல்ல, இரண்டு பேர். எல்லோரையும் பார்த்துக்கொண்டு வந்தவரைப் பார்க்க, அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இல்லாமல் போய்விட்டது. முறை வைத்து ஓடுகிறோம். சென்ற வாரம் நானும் மனோஜும்.

ஜெசிந்தாவின் கை பட்டது என்று என்னிடம் இருப்பது வாசலில் கிடக்கும் என் அந்தப் பழைய ஷூதான். அது தேய்ந்து நாளாகிவிட்டது. புதியது வாங்கி அதில்தான் ஓடுகிறேன். பழையதின் வலது குதிகாலில் சிவப்பு அம்பு முனை மழுங்கி இன்னும் ஒட்டியிருக்கிறது. பிழையைக் காட்டுவதற்காக ஒட்டியது. என் பிழையை இப்போதும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

நடப்பீர்களோ ஓடுவீர்களோ, நாளைக் காலை உங்கள் கூட்டத்தில் கடைசியாக வருகிறவர், ஒன்றுமில்லை நீங்கள் போங்கள் என்று கையை அசைத்தால், திரும்பி அவரிடம் போய் அருகில் நின்று அவர் முகத்தைப் பாருங்கள்.