அத்தை செய்த காபி சாக்லேட்

அத்தை வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான் காபி சாக்லேட் செய்தாள். இப்போது உடுமலைப்பேட்டையில் தோப்பும் வீடுமாக நன்றாகத்தான் இருக்கிறாள். எவ்வளவு கெஞ்சினாலும் சிரித்து மழுப்பிவிடுவாள். என் நாக்கோ அந்த ருசிக்கு இன்னும் ஏங்குகிறது. தங்கக் காகிதம் சுற்றிக் கடையில் விற்கிறார்களே, அதெல்லாம் வெறும் சர்க்கரை.

தொண்ணூறுகளில் நாங்கள் கோயமுத்தூரில் இருந்தோம். அப்பாவின் தங்கையான அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் காபிக்கொட்டை அரைத்து விற்கும் கடை. கடைக்காரரின் மகன்தான் வறுத்து அரைத்துக் கொடுப்பார். அத்தை காபியே குடிக்க மாட்டாள். ஆனால் காபித்தூள் வாங்க மட்டும் வீட்டில் வேறு யாரையும் விடமாட்டாள். இருப்பது தீர்வதற்குள் அடுத்த பொட்டலம் வந்துவிடும். அந்தக் கடைக்காரர் வீட்டிலிருந்தே ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று அப்பா சொன்னதும், அத்தை என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள்.

"கேசரி கிண்டிப்போட்டாப் போச்சு அம்மணி" என்றாள் அம்மா.

"கேசரி எல்லா ஊட்லயுந்தானுங்கண்ணி போடுவாங்க. நான் காபித்தூள் போட்டு சாக்லேட் செய்யறனுங்க."

ஊட்டியிலிருந்து வந்த சாக்லேட் கட்டி ஒன்று வீட்டில் இருந்தது. அத்தை அதில் பாதியை உருக்கினாள். எங்கள் வீட்டில் காபி என்றால் டிகாஷன்தான். சுடச்சுட ஒரு கரண்டி ஊற்றினாள். பளபளவென்று இருந்த சாக்லேட் திரிந்து களிமண்ணாகிவிட்டது. "ஐயோ, போச்சு!" என்று அத்தை அழாத குறை. மீதிப் பாதிக்கு எருமைப்பால் ஏட்டைச் சூடாக்கி, காபித்தூளை அதிலேயே ஊறவைத்து வடிகட்டி, நறுக்கிய சாக்லேட்டின் மேல் ஊற்றிக் கலக்கினாள். ஃப்ரிட்ஜில் வைத்து இறுகியதும் நெல்லிக்காய் அளவில் உருட்டி, கோகோ தூளில் புரட்டி எடுத்தாள். அடடா, என்ன வாசம்! நான் கையை நீட்டினேன்.

"அவங்க தின்னதுக்கு அப்பறந்தான் கண்ணு" என்று தட்டை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள், சம்மதம் என்றால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டால் கல்யாணம் முடிவான மாதிரி. பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை, அவ்வளவு மரியாதை. எனக்கு இதெல்லாம் அப்போது எங்கே தெரியும்?

வந்தார்கள். அத்தை தட்டை நீட்டினாள். நான் கதவோரம் நின்று எச்சில் விழுங்கினேன்.

"காபி வாசமுங்களா?" என்றார் மாப்பிள்ளை.

"ஆமாங்க. உங்க கடைத் தூள்தானுங்க."

அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா ஒரு பார்வை பார்த்தார். நீட்டிய கை மடங்கி மடிக்குத் திரும்பியது.

"இருக்கட்டுங்க அம்மணி. இன்னொரு நாளைக்கு வந்து சாப்புட்டுக்கறமுங்க" என்று அந்தம்மா கும்பிட்டு எழுந்தார். என்ன குறை கண்டாரோ, இன்றுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

தட்டு அப்படியே நிறைந்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. அத்தை சமையலறைத் தரையில் உட்கார்ந்து, என்னை மடியில் இருத்தி, ஒவ்வொன்றாக ஊட்டினாள்.

"தின்னு கண்ணு. எல்லாமே உனக்குத்தான்."

அவள் ஒன்றைக்கூடத் தின்னவில்லை. அவள் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா விளக்கு ஏற்றியதும், பிள்ளையார் படத்தின் முன்னால் நின்று கண்ணை இறுக மூடிக்கொண்டு வேண்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அத்தையைப் பார்க்க யாராவது வரவேண்டும். வந்து, எதையும் தொடாமல் திரும்பிப் போகவேண்டும்.