கழண்டுகொண்டே இருந்த ஆறு போல்ட்டு

“…அப்போ ஆறு போல்ட்டும் தானா கழண்டு, இறங்கி, நடந்து போச்சுங்கறியா? உன் கை மேல தப்பே இல்லியாடா?” என்று என் மெக்கானிக் ஷெட்டு வாசலில் நின்று கேட்டார் டாக்ஸிக்காரர். அந்தச் சத்தம் எதிர் டீக்கடை வரைக்கும் போனது. கையில் கிளாஸோடு நாலு பேர் ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார்கள். பெரம்பலூரில் சண்டைக்கு ஆள் கூட இரண்டு நிமிஷம் போதும்.

“தானா கழலலண்ணே. கழல வச்சிட்டோம்,” என்றேன்.

‘அண்ணே’ என்றது அவர் காதில் முள்ளாகத்தான் இறங்கியிருக்கும். எங்கள் தெருவில் எல்லாரும் அவர் வீட்டு ஆட்களை ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவார்கள். என் அப்பா அவர்கள் கொல்லையில் கரும்பு வெட்டியவர். ஷெட்டு போட்ட அன்றைக்கே நான் ஒன்று தீர்மானம் பண்ணிக்கொண்டேன். வண்டி கொண்டு வருகிறவர் யாராக இருந்தாலும் எனக்கு அண்ணன், இல்லாவிட்டால் அக்கா. பிடித்தவர்கள் வரட்டும், பிடிக்காதவர்கள் வேறு ஷெட்டு பார்த்துக்கொள்ளட்டும்.

விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் தொடக்கம் அது. பெட்ரோல் கட்டுப்படியாகாமல் டாக்ஸிக்காரர்கள் ஒவ்வொருத்தராகக் காரில் இருந்த பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, எங்கிருந்தோ பழைய டீசல் எஞ்சின் வாங்கி வந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கார் ஒரு ஜாதி, எஞ்சின் ஒரு ஜாதி. இரண்டையும் சேர்த்து வைக்க நடுவில் ஒரு தரகர் வேண்டும். அந்தத் தரகர்தான் பிளேட்டு. சோற்றுத் தட்டு அகலத்தில் ஒரு வட்ட இரும்பு. எஞ்சினுக்குள் சுற்றுகிற தண்டின் முனைக்கும், பின்னால் இருக்கிற கனமான இரும்புச் சக்கரமான ஃப்ளைவீலுக்கும் நடுவே அதை வைத்து ஆறு போல்ட்டு முறுக்க வேண்டும். எஞ்சினின் பலம் மொத்தமும் அந்த ஆறு போல்ட்டைக் கடந்துதான் கார் சக்கரத்துக்குப் போகும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். இந்தத் தேருக்கு ஆறு அச்சாணி.

இதற்கெல்லாம் கம்பெனி பிளேட்டு என்று ஒன்று கிடையாது. அரியலூரில் ஒரு லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கி வருவோம். டாக்ஸிக்காரர் வாங்கி வந்த பிளேட்டு நல்ல பிளேட்டு. முதலில் என்னிடம் காட்டினபோது ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், மயிரிழை வெளிச்சம்கூடத் தெரியவில்லை. அப்படியே என்னிடம் விட்டுவிட்டுப் போயிருந்தால் இந்தக் கதையே கிடையாது. நேராக அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டார். பூசாரி இரண்டு பக்கமும் சந்தனத்தை அப்பி, ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் குங்குமம் வைத்துக் கொடுத்தார். கல்யாணப் பெண் மாதிரி வந்து இறங்கியது பிளேட்டு.

“பொட்டு அழியாம மாட்டுடா,” என்றார் டாக்ஸிக்காரர்.

மாட்டினேன். துடைக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒன்று சொல்லத்தான் செய்தது. வாய் வரவில்லை. சாமிக்கு வைத்த பொட்டை எங்கள் தெருக்காரன் கை துடைத்தது என்று பேச்சு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஐயா என்று சொல்லாத வாய் அங்கே போய் அடைத்துக்கொண்டது.

பத்து நாள் ஓடியிருக்கும். ரஞ்சன்குடிக் கோட்டை தாண்டும்போது, பானைக்குள் கூழாங்கல் உருட்டினது மாதிரி சத்தம். இழுத்து வந்து இறக்கிப் பார்த்தால் ஆறு போல்ட்டும் லூஸ். டாக்ஸிக்காரர் எடுத்துப்போன பிளேட்டு திரும்பி வந்ததும், இன்னும் நீளமான பைப்பை ஸ்பேனரில் சொருகித் தொங்கி முறுக்கினேன். அவர் திருஷ்டி என்று முடிவு பண்ணி, முன்னைவிடக் கனமாகச் சந்தனம் பூசி எடுத்து வந்திருந்தார். இந்தத் தடவை அவர் வீட்டம்மா கைப்பட அரைத்த சந்தனம். அது ஒரு வாரம் கூடத் தாங்கவில்லை. போல்ட்டு கழலக் கழலச் சந்தனம் ஏறியது. சந்தனம் ஏற ஏறப் போல்ட்டு கழண்டது. மூன்றாவது தடவை ஒரு கல்யாணச் சவாரியில், எறையூர் சர்க்கரை ஆலைக்கு முன்னால் கரும்பு வண்டிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்தில் கார் நின்றுபோய், பட்டு வேட்டி கட்டின மாப்பிள்ளையே இறங்கித் தள்ள வேண்டியதாகிவிட்டது. அந்த அவமானத்தோடுதான் இன்றைக்கு என் வாசலில் நிற்கிறார். கையில் வாழை இலைப் பொட்டலம். நாலாவது தடவைக்கான சந்தனம்.

“லேத்து மாஸ்டரையே கேட்டுட்டேன்,” என்றார். “பிளேட்டுல குத்தம் இல்லையாம். முறுக்குன கை லூஸாம். நாளைக்குக் காரை லாரியில ஏத்தித் திருச்சிக்குக் கொண்டுபோறேன். ஸ்டாண்டுல இருக்கற ஒரு டாக்ஸிகூட இனிமே உன் ஷெட்டுப் பக்கம் திரும்பாது, பாத்துக்க.”

அது வெறும் மிரட்டல் இல்லை. ஸ்டாண்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். டாக்ஸி போனால் ஷெட்டு போச்சு. ஷெட்டு போனால் எனக்குத் தெரிந்த அடுத்த வேலை அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லையில் இறங்குவது.

டீ கிளாஸோடு நின்றவர்களில் ஒருத்தர் சிரித்தார். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கரும்பு வெட்டுன கைக்கு ஸ்பேனர் எதுக்குங்கறேன்?”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் முந்தின நாள் மத்தியானமே பிளேட்டை இறக்கி, அதன் அடியில் என்ன இருந்தது என்று பார்த்து வைத்திருந்தேன். அதனால் நேராகவே சொன்னேன்.

“சந்தனம்ண்ணே,” என்றேன். “இரும்பும் இரும்பும் ஒட்டவே இல்ல. நடுவுல சந்தனம் உக்காந்திருக்கு. நான் முறுக்குனதெல்லாம் சந்தனத்து மேலதான். எஞ்சின் சூட்டுல அது காஞ்சு மாவாக் கொட்டிடுது. கொட்டுன எடம் காலி. அப்புறம் போல்ட்டு எதைப் புடிச்சுக்கும்?”

“சாமி மேலயே பழி போடறியாடா?”

“சாமி மேல எதுக்குப் போடறேன்? சாமி வந்து ஸ்பேனர் புடிக்கல. தொடைக்கணும்னு தெரிஞ்சும் உங்ககிட்ட வாயைத் தொறக்கல பாருங்க, அது என் தப்பு. அதை இத்தனை பேருக்கு முன்னாடி ஒத்துக்கறேன். என் கை லூஸுன்னா மட்டும் ஒத்துக்க மாட்டேன். திருச்சிக்குப் போங்க, மெட்ராசுக்குப் போங்க. ஒத்துக்க மாட்டேன்.”

டீக்கடைக்காரர் கல்லாவை விட்டுவிட்டு வந்து நின்றார். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. நாலு இரும்புத் துண்டு எடுத்தேன். டாக்ஸிக்காரர் கையில் இருந்த இலைப் பொட்டலத்தில் ஒரு விரல் சந்தனம் கேட்டேன். அவர் தரவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நானே எடுத்தேன். ஒரு ஜோடிக்கு நடுவில் சந்தனம் தடவி ஒரு போல்ட்டு முறுக்கினேன். இன்னொரு ஜோடியை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து இன்னொரு போல்ட்டு. அதே பைப்பு, அதே கை. இரண்டையும் ஊதுவிளக்கின் நெருப்பில் நன்றாகக் காய்ச்சினேன். ஆற வைத்து, பட்டறைக் கல்லில் வைத்து, எஞ்சின் குலுக்கலுக்குப் பதிலாக, எல்லாரும் எண்ணுகிற மாதிரி ஜோடிக்கு முப்பது சுத்தியல் அடி போட்டேன்.

“இப்ப நீங்களே கழட்டுங்கண்ணே. ஸ்பேனர் வேணாம், வெரலாலேயே.”

டாக்ஸிக்காரர் தோள் துண்டைச் சரி செய்துகொண்டு குனிந்தார். சந்தனம் தடவின போல்ட்டின் நட்டு, பாட்டில் மூடி திறக்கிற மாதிரி இரண்டு விரலுக்குத் திரும்பியது. இடுக்கிலிருந்து மஞ்சளாய்த் தூள் உதிர்ந்தது. மற்றதைப் பிடித்துத் திருகினார். அசையவில்லை. ஸ்பேனர் கேட்டார், கொடுத்தேன். முக்கித் திருகினார். கழுத்து நரம்பு புடைத்ததே தவிர நட்டு நகரவில்லை.

“வடை மாவுல தூண் நட்டா மண்டபம் நிக்குமா?” என்றார் டீக்கடைக்காரர். முதலில் சிரித்தவர் கிளாஸுக்குள் குனிந்துகொண்டார்.

நான் காரின் பிளேட்டை எடுத்தேன். அதில் பழைய சந்தனம் பொருக்காய்க் காய்ந்து ஒட்டியிருந்தது, குங்குமமும் அங்கங்கே. பாதியாய் வெட்டின டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி, துணியை நனைத்தேன்.

“டேய், பொட்டைத் தொடைக்காதடா! குடும்பத்துக்கு ஆகாது,” என்று பின்னால் கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

“தொடைப்பேன்,” என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பானெட்டுல வைங்க, ஸ்டீரிங்குல வைங்க, என் நெத்தியிலயும் வைங்க, வேண்டாங்கல. இந்த ஷெட்டுல இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல இனிமே யாரும் எதையும் வைக்க முடியாது. அதுக்கு இஷ்டமில்லாத வண்டி இப்பவே போகலாம்.”

முதல் ஓட்டையைச் சுற்றித் துடைத்தேன். இரண்டாவதற்குத் துணி போவதற்குள் டாக்ஸிக்காரர் எழுந்து வந்து, என் கையிலிருந்து பிளேட்டை வெடுக்கென்று பிடுங்கினார். திருச்சி லாரிதான் என்று நினைத்துக்கொண்டேன். கூட்டம் அவருக்கு வழிவிட்டது. அவர் அந்த வழியில் போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டின்னுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சந்தனத்தோடும் குங்குமத்தோடும் பிளேட்டை மண்ணெண்ணெயில் முழுசாய் முக்கினார்.