ஊத்தையில்லாத பற்கள்

குழாய்க்கிணறு அடிக்கும் லொறியோடு கொஞ்சக் காலம் அலைந்தேன். அதற்கு முன் முல்லைத்தீவில் மீன்வாடி, லொறிக்குப் பிறகு பரந்தன் பக்கம் அரிசி ஆலை. எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு எங்கே போனாலும் தூக்குகிற வேலைதான். வவுனியாவுக்கு உட்பக்கம் அக்கா மீள்குடியேறிய ஊருக்கு லொறி போனபோது, முதலாளியைக் கெஞ்சி அவளுடைய வளவிலேயே கிணறு அடிக்க வைத்தேன். அயலில் எல்லாக் கிணறும் உவர். இது மட்டும் இனித்தது. சனம் தண்ணீர்க் கானோடு வரத் தொடங்கியது. அக்காவுக்கு அதில் பெருமை, எனக்கும்தான்.

அக்காவின் மகள் அப்போது நடைபழகிக்கொண்டிருந்தாள். பால்பல் விழுந்து புதுப்பல் வந்தபோது முன்பற்களில் வெள்ளைத் திட்டுகள் இருந்தன. போகப்போக அவை தேயிலைச் சாயம்போல மண்ணிறமாகின. நான் எப்போதாவதுதான் அங்கே போவேன். போனால் முற்றத்தில் ஆட்கள் இருக்கும்போதே கேட்பேன்.

“என்னடி, பீடி பத்துறனியோ? பல்லை ஒழுங்கா மினுக்கடி, ஊத்தை.”

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். ஒருமுறை ஆலையிலிருந்து ஒரு பை உமிக்கரி கொண்டுபோய்க் கொடுத்தேன். நன்றாக அழுத்தித் தேய்க்கச் சொன்னேன். தேய்த்திருக்கிறாள், வருடக்கணக்காக.

இந்த வருடம் அவளுக்கு வவுனியாவில் புடவைக்கடை வேலை கிடைத்தது. வாசலில் நின்று சிரித்த முகத்தோடு ஆட்களைக் கூப்பிட வேண்டும். பல்லை வெள்ளையாக்குவார்களாமே, கூட்டிக்கொண்டு போங்கோ மாமா என்று என்னிடம்தான் கேட்டாள்.

பல் டொக்டர் ஒரு இளம் பெண். அவா காற்றுக் குழாயை முன்பல்லில் பிடித்ததும் மருமகள் கதிரையில் துள்ளினாள். எதால் மினுக்குகிறாள் என்று கேட்டுவிட்டு, உமிக்கரி பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிட்டது, கூச்சம் அதனால்தான் என்றா.

இவள் ஒழுங்காக மினுக்குவதில்லை என்று நான் சொல்லத் தொடங்கினேன். டொக்டர் என்னைப் பார்க்காமல் அவளிடம் பேசினா.

“தங்கச்சி, இது ஊத்தையில்லை. பல்லு முளைக்க முன்னம், முரசுக்குள்ள வளரேக்கையே பிடிச்ச நிறம். சின்னனில என்ன தண்ணி குடிச்சனீங்கள்?”

அவள் குழாய்க்கிணறு என்றாள். யாருடையது என்று சொல்லவில்லை.

இந்தப் பக்கம் நிலத்தடி நீரில் புளோரைட் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது, அதுதான் பல்லில் கறையாகும், ருசியில் தெரியாது என்றா டொக்டர். வெளுக்க வைக்கும் மருந்து பூச ஏலாதோ என்று கேட்டேன். பூசினால் இந்தக் கூச்சம் தாங்க முடியாததாகும், வெள்ளைத் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியவும் கூடும். பல்லை அராவி உறை போடும் வயதும் இதில்லை. முதலில் கூச்சம் ஆற வேண்டும். பிறகு பல்லின் நிறத்தில் மெல்லிய பூச்சு வைக்கலாம். அதுவும் நாள்பட உடையும், மாற்ற வேண்டிவரும். முளைத்த பல்லின் கறை கழுவிப் போகாது. முளைக்காத பல்லைக் காப்பாற்றலாம், சின்னப் பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீரைக் கொடுக்காதீர்கள் என்றா.

பஸ்ஸில் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் யன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்.

“முன்வீட்டு அக்கான்ர பிள்ளைக்கு இப்பதான் ரெண்டு வயசு மாமா. அவாவுக்கு நீங்களே சொல்லுங்கோ.”

பின்னேரம் அந்தப் பெண் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி, சைக்கிளை உருட்டிக்கொண்டு கானோடு வந்தாள். நான் சொன்னேன். டொக்டர் சொன்னது முழுவதையும் சொன்னேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே கானை நிரப்பினாள்.

“இவள் பிள்ளை மினுக்கிறேல்லை எண்டு நீங்கள்தானே அண்ணை வாற நேரமெல்லாம் சொல்லுறனீங்கள்? இப்ப தண்ணியில பழியைப் போடுறியள்.”

மருமகள் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கான் நிறைந்து வழிந்தது. ஒரு கையில் பிள்ளையோடு அதைத் தூக்க அவள் சிரமப்பட்டாள். நான் போய்த் தூக்கிச் சைக்கிளில் வைத்துவிட்டேன்.