உக்குவளை முனவ்வராவின் மழைமணி

உக்குவளையில் ரயில் பாதையைக் கடந்து மேலேறும் ஒழுங்கையில், ஒரே கொங்கிரீட் சிலாப்பின் கீழ் இரண்டு வீடுகள் இருக்கின்றன. கட்டியவர் ஒரு பாதியை மகன் சாலிஹுக்கும் மறு பாதியை மகள் றிஸ்மியாவுக்கும் கொடுத்துவிட்டு மௌத்தாகிவிட்டார். கீழே இரு வீட்டுக்கும் நடுவில் சுவர் உண்டு. மேலே இல்லை. இரண்டு வெளிப்படிக்கட்டுகள் வழியாக ஏறினாலும் வந்து சேர்வது ஒரே வெட்டவெளிக்குத்தான். மிளகுக் காலத்தில் இரு வீட்டுப் பாய்களும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் விரிந்து கிடக்கும்.

அந்த வெளியின் நடுவே சுவர் வைக்க வேண்டுமென்று சாலிஹின் மனைவி முனவ்வரா இந்த வருடம் முடிவு செய்தாள். பிளொக் கல் வந்து முற்றத்தில் இறங்கிவிட்டது. மேசன் பாஸ் பதுர்தீனிடமும் சொல்லியாயிற்று. மிஞ்சியிருந்தது சாலிஹின் சம்மதம் மட்டும். அவர் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் வேலை செய்பவர். கிழமைக்கு ஒரு தடவை வருவார்.

முனவ்வராவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டிலேயே தைப்பாள். தேங்காய் வாங்கினால் கடைக்காரர் தட்டிக் காட்டியதை ஒதுக்கிவிட்டு, அவர் தட்டாத ஒன்றை எடுப்பாள். மருந்துக் கடையில் பெட்டியைப் பிரித்துத் திகதி பார்ப்பாள். பிறகு உள்ளே இருக்கும் அட்டையிலும் அதே திகதிதானா என்று பார்ப்பாள். சந்தேகம் அறிவின் தொடக்கம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். தொடக்கம்தான். அங்கேயே தங்கிவிடுபவர்களும் உண்டு. அவளைப் பற்றி ஊரில் அப்படித்தான் பேச்சு.

பிணக்குக்குக் காரணம் மழை. தைத்த உடுப்புகளைக் கொடுக்க ஒரு பகல் அவள் மாத்தளை டவுனுக்குப் போனாள். மேலே காயும் மிளகைப் பார்த்துக்கொள்ளும்படி றிஸ்மியாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். திரும்பி வரும்போது மிளகு தண்ணீரில் மிதந்தது. வெந்நீரில் முக்கி, கறுக்க வைத்து, பாதி காய்ந்த மிளகு. அதற்குமேல் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்காது. பிடித்தது. றிஸ்மியாவின் பாயும் நனைந்திருந்தது. ஆனால் அதில் மிளகு கொஞ்சம்தான் கிடந்தது. முனவ்வராவின் கண்ணில் பட்டது அந்தக் கொஞ்சம்தான்; நட்டம் அவளுக்குக் கொஞ்சம்தானே.

மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தாயா என்று கேட்டாள். இல்லை மதினி, மழை தெரியவில்லை என்றாள் றிஸ்மியா. அதற்குமேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் முனவ்வராவின் நெஞ்சில் நின்றது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

இனி மழைக்கு ஆளை நம்பக் கூடாது என்று நினைத்தாள். தகரக் கூரையென்றால் முதல் துளியே கேட்கும். சிலாப்புக்குக் கீழே இருப்பவருக்குப் பெருமழையும் கேட்காது. மழை பட்டால் சத்தமிடும் ஒரு சின்ன மணியைக் கையாலேயே செய்து காட்டும் வீடியோ ஒன்று போனில் கிடைத்தது. ஒரு தட்டு, ஒரு பெட்டரி, ஒரு பஸர், நடுவில் மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக மூன்று கால் வைத்த கறுப்புப் பொருள். அதுதான் டிரான்சிஸ்டர்.

முனவ்வரா டிரான்சிஸ்டரை நம்பவில்லை. ஆடும் உறுப்பு ஒன்றும் அதில் இல்லை. தையல் இயந்திரத்தில் எது எதைத் தள்ளுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். இது வெறும் கறுப்புப் பொட்டு. இது எதற்கு, தண்ணீர்தான் மின்சாரத்தைக் கடத்துமே என்று எண்ணி, பெட்டரியையும் பஸரையும் மட்டும் இணைத்து, இரண்டு கம்பி முனைகளைக் கோப்பைத் தண்ணீரில் விட்டாள். பஸர் கத்தவில்லை. பெட்டரி போலி என்று நினைத்தாள். முனைகளை ஒன்றோடொன்று தொட்டதும் கத்தியது. ஆக, பெட்டரி சரி. தண்ணீர் வழியாகப் போகிற மின்சாரம்தான் பஸருக்குப் போதவில்லை. வீடியோ சொல்லித் தராத இந்த ஒன்றை அவள் தன் அவநம்பிக்கையால் கற்றுக்கொண்டாள். அதை மட்டும் ஒப்புக்கொள்ளலாம்.

பிறகு மூன்று கால் பொருளையும் சேர்த்துக் கட்டினாள். அப்போதும் மணி அடிக்கவில்லை. உடனே மாத்தளை டவுனுக்குப் போய், சாமான் வாங்கிய எலெக்ட்ரோனிக் கடையில், பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்றாள்.

கடையில் நிற்பவள் நிரஞ்சனி. எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, டவுனில் தொழிற்பயிற்சி முடித்தவள். அவள் மீட்டரை எடுத்துக் கால்களைத் தொட்டுப் பார்த்தாள். டிரான்சிஸ்டர் நன்றாகத்தான் இருந்தது. வீடியோவில் வந்தது வேறு இலக்கம். அதன் கால் வரிசையும் இதன் கால் வரிசையும் நேரெதிர். முனவ்வரா படத்தில் கண்டபடியே வைத்து, கலெக்டர் என்ற கால் இருக்கவேண்டிய இடத்தில் எமிட்டர் என்ற காலைச் செருகியிருந்தாள். எல்லா டிரான்சிஸ்டருக்கும் கால் ஒரே வரிசையில்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாள். எதையும் நம்பாதவள், கேட்கவே தோன்றாத இடத்தில் நம்பியிருக்கிறாள்.

நிரஞ்சனி ஒரு சின்னப் பலகையில் டிரான்சிஸ்டரைச் சரியாகக் குத்தி, பஸருக்குப் பதிலாக ஒரு சிவப்பு லைட்டை வைத்தாள். நடுக்காலான பேஸுக்குப் போகும் வழியை வெட்டி, இரு கம்பி முனைகளை வெளியே விட்டாள். விரலை வைத்துப் பார்க்கச் சொன்னாள். முனவ்வரா இரு முனைகளையும் ஒரே விரலால் தொட்டாள். லைட் மங்கலாக எரிந்தது. எடுத்ததும் அணைந்தது. விரலை நக்கி வைத்தாள்; வெளிச்சம் கூடியது.

"என்ட விரல்ல இருந்தா இவ்வளவு வருது?"

"இல்லக்கா. உங்க விரல் வழியா கொஞ்சூண்டுதான் போகுது. அது பேஸுல போனா, கலெக்டர்ல இருந்து எமிட்டருக்குப் போற வழி திறக்குது. எரிக்கிறதெல்லாம் பெட்டரில இருக்கிறதுதான்."

"அப்ப இது புதுசா ஒண்டும் உண்டாக்கல்ல?"

"ஒண்ணுமே உண்டாக்காது. இருக்கிறத திறந்து விடும், அவ்வளவுதான்."

அது முனவ்வராவுக்குப் பிடித்திருந்தது. சும்மா கிடைக்கும் எதையும் அவள் நம்புவதில்லை.

ஐஸ்கிரீம் பெட்டி மூடி ஒன்றில், தோல் உரித்த செப்புக் கம்பி இரண்டை ஒன்றோடொன்று முட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் வளைத்துத் தைத்தாள். தையல்காரியின் கை, இழைகளுக்கிடையே நூலிடைதான் இருந்தது. ஒரு துளி விழுந்தாலும் இரண்டு கம்பியும் சேரும். மழை நக்கிள்ஸ் மலைப்பக்கமிருந்து வருவதால், பாயின் அந்த ஓரத்தில், மிளகோடு மிளகாக அந்த மூடித் தட்டை வைத்தாள். அந்த ஓரம் றிஸ்மியாவின் படிக்கட்டுக்கு நேராக இருந்தது. அதை அவள் யோசிக்கவில்லை. கம்பி சுவரோரமாக இறங்கித் தையல் அறைக்கு வந்தது. டிரான்சிஸ்டரும் பஸரும் அங்கே, மெஷினுக்குப் பக்கத்தில்.

அடுத்த மழைக்கு மணி ஒழுங்காக அடித்தது. முனவ்வரா ஏறிப் போய்ப் பாயை மடித்துக்கொண்டிருக்கும்போது றிஸ்மியாவும் தன் படிக்கட்டில் ஓடி வந்தாள். மடித்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். உதவிக்கு வந்தாளா, நனைந்ததா என்று பார்க்க வந்தாளா? முனவ்வரா இரண்டாவதைத் தெரிவு செய்தாள்.

பிறகு வெயில் நாட்கள் வந்தன. ஒரு பகல், பள்ளியில் ளுஹர் தொழுகைக்கு வாங்கு சொல்வதற்குச் சற்று முன், மணி கத்தியது. அவளுக்கு முழங்கால் நோ. படியைப் பிடித்துப் பிடித்துத்தான் ஏற முடியும். மேலே போனால் கண் கூசும் வெயில். ஆள் இல்லை. தட்டின் மேல் ஈரம், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துகொண்டிருந்தது. அந்த ஓரத்தில் மிளகு கலைந்து கிடந்தது. கைவிட்டு அள்ளிய இடம் போல இருந்தது.

மறுநாளும் அதே வேளையில் மணி. அதே ஈரம். அவள் ஏறும் சத்தம் கேட்டு யாரோ இறங்கிப் போனதுபோல் அடுத்த படிக்கட்டில் ஓர் அசைவு.

தண்ணீர் தெளித்து அலைக்கழிக்கிறாள், மிளகையும் அள்ளுகிறாள் என்று போனில் சாலிஹிடம் சொன்னாள். தெளித்ததைக் கண்ணால் கண்டாயா என்று அவர் கேட்டார். காணவில்லை. தங்கச்சிக்கு எதிரே சுவர் வைப்பதென்றால் மௌத்தாகும் வரைக்குமான காரியம் என்றார். கடைசியில், "கண்ணால கண்டேன் எண்டு சொல்லு. கல்ல நானே தூக்கித் தாறேன்," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

டிரான்சிஸ்டர் அன்று செய்த வேலையைத்தான் முனவ்வராவின் மனமும் செய்தது என்று தோன்றுகிறது. தட்டில் விழுந்த ஈரம் கொஞ்சம். அதற்குப் பின்னால் மனதின் பெட்டரியில் ஏற்கனவே நிறைந்திருந்தது அதிகம்.

என்றாலும் முனவ்வரா நேர்மையான சந்தேகக்காரி. மணியையும் சந்தேகித்தாள். கடைக்குப் போய், வெயிலுக்கு இது தானாக அடிக்குமா என்று கேட்டாள். சூடேறினால் டிரான்சிஸ்டரில் கொஞ்சம் மின்சாரம் கசியும், ஆனால் உங்களுடையது நிழலில்தானே இருக்கிறது என்றாள் நிரஞ்சனி. அப்படியென்றால் பட்டப்பகலில் மழையா என்று முனவ்வரா விடவில்லை.

"மழைன்னு நீங்கதான் நெனச்சு செஞ்சீங்கக்கா. தட்டுக்கு மழைன்னு தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது ஈரம் மட்டும்தான்."

இந்தப் பதில் அவளுக்குத் திருப்தியாக இல்லை. இருந்தாலும் இன்னொரு டிரான்சிஸ்டரும் ஒரு சிவப்பு லைட்டும் வாங்கி வந்தாள். இரண்டாவது தட்டைத் தைத்து, பாயின் மறு ஓரத்தில், தன் படிக்கட்டுப் பக்கம் வைத்து, அதன் கம்பியைக் கீழே மணிக்குப் பக்கத்தில் லைட்டோடு இணைத்தாள். தண்ணீரை றிஸ்மியாவின் பக்கத்திலிருந்து வீசினால் மணி மட்டும் அடிக்கும், லைட் எரியாது. அதை சாலிஹுக்குச் சாட்சியாகச் சொல்லலாம்.

மறுநாள் பகலாயிற்று. மணி கத்தியது. இந்த முறை அவள் எழும்பவில்லை. சாட்சி வேண்டுமல்லவா, லைட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மணி விடாமல் கத்தியது. கொஞ்சம் பொறுத்து, எரியவே கூடாத லைட் மங்கலாக எரிந்தது. அணைந்தது. மணி மெல்ல ஓய்ந்தது. பிறகு ஒரு சின்னக் கத்தல், உடனே நின்றது. மீண்டும் லைட்; மீண்டும் அணைந்தது. தண்ணீர் விழுந்தால் காயும் வரைக்கும் எரிய வேண்டும். இது பட்டதும் எரிந்து விட்டதும் அணைகிறது. கடையில் அவளுடைய விரலுக்கு எரிந்ததுபோல.

தண்ணீர் இல்லை. தோல். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கும், அங்கிருந்து இங்கேயும் போய்வருகிற தோல்.

முனவ்வரா செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் ஏறினாள். றிஸ்மியா முதுகைக் காட்டிக்கொண்டு, உடுப்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி, முனவ்வராவின் மிளகுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தாள். நடந்த இடமெல்லாம் வரப்பு வரப்பாக, அடி மிளகு மேலே வந்திருந்தது. மிளகு காயவைக்கும் எந்த வீட்டிலும் பகலில் இப்படித்தான் காலால் கிளறுவார்கள். பிணக்குக்கு முன்பு இரு பாய்களையும் அவள்தான் கிளறி வந்தாள். பேச்சு நின்றபோது அதுவும் நின்றிருக்கும் என்று முனவ்வரா எண்ணியிருந்தாள். றிஸ்மியாவின் படிக்கட்டிலிருந்து தட்டு வரைக்கும் ஈரப் பாதங்கள், பாதி காய்ந்தபடி, சிலாப்பில் கிடந்தன.

"என்ன செய்ற?"

றிஸ்மியா நின்றாள். இந்த முறை ஓடவில்லை. "தெரியுதுதானே."

"கால் ஏன் ஈரம்?"

"தொழுகைக்குக் கை கால் கழுவி ஒழு எடுத்துட்டு, வாங்கு சொல்ற வரைக்கும் கீழ நிண்டு என்ன செய்ற? உங்கட முழங்கால வச்சிக்கிட்டு நீங்க காலையில கிளறுறது அடி மிளகுக்குப் போய்ச் சேராது மதினி."

"தட்ட மிதிக்கிறது தெரியல்லியா?"

"காகம் வெரட்ட வச்சதாக்கும் எண்டு நெனச்சேன்."

முனவ்வரா சிரிக்கவில்லை. மனதில் கிடந்த மற்றதையும் எடுத்துப் போட்டாள். "அண்டைக்கி மழயில எங்க போன?"

"தூங்கிட்டேன். தும்மல், தடிமனுக்கு மருந்து குடிச்சிருந்தேன்."

"அத அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டது, மழயப் பாத்துக்கிட்டு இருந்தியா எண்டு. தூங்கினியா எண்டு கேக்கல்லியே."

பள்ளியில் வாங்கு சொல்லத் தொடங்கியது. இருவரும் அவரவர் படிக்கட்டில் இறங்கினார்கள்.

முனவ்வரா திருந்திவிட்டாள் என்று எழுதினால் பொய்யாகும். தடிமன் மருந்துக் கதையை அவள் முழுதாக நம்பினாளா என்பது தெரியாது. சாலிஹ் போனில், மேசன் பாஸை வரச் சொல்லவா என்று கேட்டதற்கு, இந்தக் கிழமை வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். முற்றத்துப் பிளொக் கல்லில் இரண்டை றிஸ்மியாவின் புருஷனைக் கொண்டு மேலே ஏற்றி, கால் படாத உயரத்தில் தட்டுகளை அவற்றின் மேல் வைத்தாள். மிச்சக் கல் இன்னும் முற்றத்தில்தான் கிடக்கிறது.

மறுநாள் பகல் மணி அடிக்கவில்லை, லைட்டும் எரியவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. முனவ்வரா கொஞ்ச நேரம் மெஷினைச் சுழற்றினாள். பிறகு நிறுத்திவிட்டு, படியைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறினாள்.

மிளகைக் கிளறிக்கொண்டிருந்த றிஸ்மியா திரும்பாமலே கேட்டாள்: "மணி அடிக்கல்ல எண்டு பாக்க வந்தீங்களா மதினி?"

"மழ வருமோ எண்டு பாக்க வந்தேன்."

நக்கிள்ஸ் வரைக்கும் ஒரு மேகத் துண்டும் இல்லை. றிஸ்மியா வானத்தைப் பார்த்துவிட்டு மீண்டும் காலை இழுத்து நடந்தாள். முனவ்வரா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பாயின் தன் பக்க ஓரத்திலிருந்து மிளகுக்குள் காலை வைத்து, மற்றவள் இழுத்த வரிசை நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடக்கத் தொடங்கினாள்.