முட்டி பார்க்க வந்தவர்கள்

வயசான ஆட்டக்காரனை டீமில் வைத்துக்கொள்வதா, வேறு டீமுக்குத் தள்ளிவிடுவதா என்று என் கணவரின் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதமாகப் பட்டிமன்றம் நடந்தது. பேசியவர்களில் ஒருத்தராவது பந்தைத் தொட்டவரா என்றால் இல்லை. லிஃப்ட் வேலை செய்யவில்லை என்றால் கீழேயே டீ குடித்துக்கொண்டு காத்திருக்கிற ஆட்கள். ஒருத்தர் ஐரோப்பா கிளப்புகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார். இன்னொருத்தர் கைகூப்பும் பொம்மை போட்டு, 'செண்டிமெண்ட் பார்த்தால் கோப்பை கிடைக்காது ஜி' என்பார். கேண்டீன் சமோசாவுக்குச் சட்னி குறைந்தால் மனு எழுதுகிற கூட்டத்துக்கு எங்கிருந்துதான் இவ்வளவு வீரம் வந்ததோ!

அந்த வயசான ஆட்டக்காரன் என் வீட்டுக்காரர். முப்பத்தாறு வயசு. வியாசர்பாடிச் சந்துகளில் ஓடிப் பழகி, விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு வேலை கிடைத்து டெல்லிக்கு வந்தவர். அரசு அலுவலகங்களுக்குள் குளிர்காலத்தில் நடக்கிற கால்பந்துப் போட்டியில் அவர் ரைட் விங். கோட்டை ஒட்டிப் பந்தைத் தள்ளிக்கொண்டு அவர் ஓடினால் பஞ்சாபி ஆபீசர்களெல்லாம் எழுந்து நின்று கத்துவார்கள். நான் மதுரைக்காரி, இங்கேயே வேறொரு அலுவலகத்தில் கிளார்க். கல்யாணமான புதிதில் பந்து எந்தப் பக்கம் போனால் நமக்கு கோல் என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் ஓடுகிற அழகு மட்டும் தெரியும். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

போன சீசன் முடிவில் வலது முட்டி வீங்கியது. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஜவ்வு தேய்ந்துவிட்டது என்றார். "சல்னா ஹை யா தௌட்னா ஹை?" என்று கேட்டார். நடக்க வேண்டுமா, ஓட வேண்டுமா, இரண்டில் ஒன்றுதான் என்று அர்த்தம். இவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். வெளியே வந்ததும், "டாக்டருங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க. நீ யாராண்டயும் வாயத் தொறக்காத, இன்னா?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் ஆட்டோக்காரரிடம் வீட்டு விலாசத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன்.

இது தெரிந்த இன்னொரு ஆள் டீம் செயலாளர். கும்பகோணத்துக்காரர், நிர்வாகப் பிரிவில் இருக்கிறார். வாழ்க்கையில் அவர் ஓடிப் பிடித்தது ஆபீசுக்குப் போகிற சார்ட்டர்ட் பஸ் ஒன்றுதான். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து திட்டத்தை விளக்கினார். வேறொரு அலுவலகத்து டீமில் காற்றாகப் பறக்கிற ஒரு இளம் பையன் இருக்கிறான். அவனை அவர்கள் டெபுடேஷனில், அதாவது தற்காலிக மாற்றலில், இங்கே அனுப்புவார்கள். பதிலுக்கு இவரை அங்கே அனுப்ப வேண்டும்.

"இதுல தப்பு என்னம்மா இருக்கு? பேர் இருக்கறச்சயே கை மாத்திடணும். இன்னும் ஒரு வருஷம் போனா ஒருத்தனும் சீந்தமாட்டான்" என்றார்.

"ஏன் சார், இவரு என்ன பழைய ஃப்ரிட்ஜா? தீபாவளி எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்ல போடுறதுக்கு?" என்று கேட்டேன்.

"அப்படியே வெச்சுக்கோங்களேன்" என்று சிரித்தார் அந்த மனிதர். நான் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே சிரித்தார்.

நான் எதிர்பார்த்தது, இவருக்கு ரோஷம் வரும் என்று. எங்கே வந்தது? முகமெல்லாம் பல். இங்கே இருந்தால் பெஞ்சில் உட்கார வைப்பார்களாம். அங்கே போனால் மைதானத்தில் இறக்குவார்களாம். "ஒரே ஒரு சீசன். அப்பாலிக்கு நானே ஷூவைக் கழட்டிர்றேன்" என்றார். அந்த ஒரு சீசனில் கால் போய்விட்டால் மிச்ச ஆயுசுக்கும் யார் இவரைக் கைத்தாங்கலாகப் பாத்ரூம் கூட்டிப் போவது? செயலாளரா? வாட்ஸ்அப்பில் கைகூப்பும் பொம்மை போட்டவரா?

அந்த அலுவலகத்துக்காரர்கள் ஆளை நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள். மைதானத்தில் ஓடவிட்டால் குட்டு உடைந்துவிடும். அதனால் செயலாளர், "இந்தப் பனியில கிரவுண்டு எதுக்கு? ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு வாங்கோ, நம்ம ஊர்ச் சாப்பாடா சாப்ட்டுண்டே பேசலாம்" என்று எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரோல் பாக் போய் வாழை இலை வாங்கி வந்தது மட்டும் அவர். அந்த ஒரு வேலைக்கு ஊரையே விலைக்கு வாங்கிய மாதிரி மூச்சு வாங்கினார்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட எங்கள் வீட்டில் இத்தனை அமர்க்களம் நடக்கவில்லை. இவர் காலையிலேயே தலைக்குக் குளித்து, முட்டியில் பட்டை கட்டி, அதன்மேல் தொளதொளவென்று பேண்ட் போட்டுக்கொண்டு, கதவுக்கும் ஜன்னலுக்கும் நொண்டாமல் நடந்து பழகினார். பவுடர்கூடப் பூசிக்கொண்டார். "பூ வேணுமா? பூக்கார பையா கொண்டுவர்ற நேரந்தான்" என்று கேட்டேன். முறைத்தார்.

வந்தவர் அந்த டீமின் மேனேஜர், திருநெல்வேலிப் பக்கம். வாட்டசாட்டமான ஆள். இவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு, "ஆளு நல்லாத்தான் இருக்காரு" என்றார். பிறகு எல்லோரும் சாப்பிட வந்தார்கள். செயலாளர் ஹாலில் தன் கையாலேயே பாயை விரித்து இலைகளைப் போட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முட்டியை மறைப்பதற்கென்று விருந்து வைத்த புத்திசாலி, அந்த விருந்தைத் தரையில் வைத்திருக்கிறார்! சம்மணம் போட்டு உட்கார முடியாமல்தான் இவர் ஆறு மாதமாகக் கட்டிலில் சாப்பிடுகிறார். செயலாளருக்கும் அந்த நொடியில்தான் உறைத்தது போல, முகம் செத்துவிட்டது.

நான் உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்தேன். மேனேஜர் பார்த்துவிட்டு, "யாருக்கும்மா நாற்காலி? இங்க கிழவன் யாரும் இருக்காங்களா?" என்று சிரித்தார்.

"நமக்கு எதுக்குணே நாற்காலி" என்று இவர் அதைக் காலாலேயே தள்ளிவிட்டார். சுவரில் கை ஊன்றி, இடது காலை மடக்கி, தொப்பென்று உட்கார்ந்தார். வலது காலை இரண்டு கையாலும் பிடித்து உள்ளே இழுத்து மடித்துக்கொண்டார். நெற்றியில் அந்த ஜனவரியிலும் முத்து முத்தாக வியர்த்தது. உடனே ஒரு சிரிப்பு.

சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் ஆயிற்று. ஊர்க்கதை பேசினார்கள். மேனேஜர் இலையை மூடிவிட்டு எழுந்து கை கழுவப் போனார். செயலாளரும் எழுந்தார். இவர் மட்டும், "இன்னும் கொஞ்சம் மோர் சாதம் போடு" என்றார். போட்டேன். இந்த மனிதர் மோர் சாதத்தில் இரண்டு கவளத்துக்கு மேல் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. மேனேஜர் துண்டில் கை துடைத்தபடி வந்து நின்றார்.

"தம்பி இன்னும் முடிக்கலியா?"

"சாப்பாடு சூப்பர்ணே. விட மன்சு வர்ல" என்று மறுபடியும் இலையைக் காட்டினார். போட்டேன். தொண்டை வரைக்கும் சாதம், அதற்குமேல் போகாது என்று எனக்குத் தெரிகிறது. பிசைகிறார், அள்ளுகிறார், முழுங்குகிறார். எழுந்திருக்க முடியாததைச் சாப்பாட்டால் மூடிக்கொண்டிருக்கிறார். பஞ்சாபி ஆபீசர்கள் எழுந்து நின்று கத்திய ஆள்! மூன்றாம் முறை கேட்டபோது நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"இவரால எந்திரிக்க முடியலைங்க" என்று மேனேஜரிடம் சொன்னேன். "முட்டியில ஜவ்வு தேஞ்சுபோச்சு. ஓடவே கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. இந்த சாருக்கும் அது தெரியும்."

செயலாளர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். மேனேஜரோ சாவகாசமாகப் பல் குத்தினார்.

"அது தெரியாமலா வந்திருக்கோம்? ஊருக்கே தெரியும்லா! எங்க டைரக்டருக்கு இவர்னா உசிரும்மா. போட்டோவுல நிக்கணும், கடைசிப் பத்து நிமிஷம் கிரவுண்டுல இறங்கணும், அம்புட்டுத்தான். அந்தப் பையன் கொஞ்சம் வாய்க்கொழுப்புப் பிடிச்சவன், போனாப் போறான்."

"அந்தப் பத்து நிமிஷத்துல கால் போயிருச்சுன்னா?"

"ஏம்மா, கவர்மெண்டு ஆஸ்பத்திரி எதுக்கு இருக்கு?"

செயலாளருக்கு உயிர் திரும்பி வந்தது. "அப்பறம் என்ன, பேஷாப் போச்சு!" என்று கையைத் தட்டினார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இவர் தலையை நிமிர்த்தினாரே, அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை. "பாத்தியா? முட்டி போயும் என்னை வேணும்ன்றாங்க" என்றார். கண்ணெல்லாம் மின்னியது. அப்படியே ஓங்கி அறையலாமா, கட்டிக்கொண்டு அழலாமா என்று இருந்தது எனக்கு.

"போங்க" என்றேன். "தாராளமாப் போங்க. யாரு கையையும் பிடிக்காம நீங்களா எந்திரிச்சு வாசல் வரைக்கும் வாங்க. நானே பொட்டி கட்டி அனுப்புறேன்."

இவர் இடது கையைத் தரையில் ஊன்றினார். இடுப்பு கொஞ்சம் எழும்பியது, வலது கால் வரமாட்டேன் என்றது. உட்கார்ந்துவிட்டார். செயலாளர் குனிந்து கை கொடுக்க வந்தார். "தொடாதீங்க சார்" என்று கத்திவிட்டேன். இன்னொரு முறை முயன்றார். இலை நழுவி மோர் சாதம் பாயில் சிந்தியது. மேனேஜர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அதை இவரும் பார்த்தார்.

சாதம் ஒட்டியிருந்த கையை என் பக்கம் நீட்டினார். "புடி" என்றார்.

பிடித்துத் தூக்கினேன். என் தோளில் முழுப் பாரத்தையும் போட்டுக்கொண்டு நின்று, "அண்ணே, அந்தப் பையனை நீங்களே வெச்சுக்கங்க" என்றார்.

மேனேஜர், "சரி, உங்க இஷ்டம்" என்று செருப்பை மாட்டினார். இரண்டு பேரும் படியிறங்கினார்கள். நாங்கள் கதவருகிலேயே நின்றோம். முதல் மாடிகூடத் தாண்டியிருக்க மாட்டார்கள், மேனேஜரின் குரல் மேலே கேட்டது. "அது கெடக்கட்டும், உங்க கோல்கீப்பருக்கு என்ன வயசு?"

செயலாளர் சொன்ன பதில் எங்களுக்குக் கேட்கவில்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. இவர் அது முழுக்க அடங்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு என் தோளை அழுத்திப் பிடித்தபடி ஹாலைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த நாற்காலியை எடுத்துனு வா" என்றார்.