ரிசப்ஷனில் நின்றவன் இன்டர்வியூவுக்குப் போன கதை

வேலை தேடுவதும் ஒரு முழுநேர வேலைதான்: லீவு கிடையாது, சம்பளம் கிடையாது, தினமும் ஷேவ் மட்டும் செய்துகொள்ள வேண்டும்.

கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் நின்றே என் தலை நரைத்தது. முதலாளி காலமான பிறகு பிள்ளைகள் லாட்ஜை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்களுக்கு ரிசப்ஷனே தேவைப்படவில்லை. இப்போது தங்க வருகிறவர்களின் போனுக்கு ஓர் எண் போகிறது. கதவில் அதை அழுத்தினால் திறந்துகொள்கிறது. சிரித்துக்கொண்டே குட்மார்னிங் சொல்ல ஒரு ஆள் எதற்கு? ஐம்பது வயதைத் தாண்டி நான் வெளியே வந்தேன்.

என் மனைவி அமலி இங்கே ஒரு பள்ளி விடுதியில் வார்டன். அவள் தம்பி திருப்பூரில் நூல் வியாபாரம் செய்கிறான். "மாமா, பேசாம இங்க வந்து குடோனப் பாத்துக்கங்க" என்றான். போனால் நான் அங்கே, அவள் இங்கே. சீசன் முடிவதற்குள் மலையிலேயே வேலை கிடைக்காவிட்டால் வந்துவிடுகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். என்னைப் போல நரைத்த தலையும் புது பயோடேட்டாவுமாகத் திரிகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்குத் துணைக்கு ஒரு ஆள் இருக்கிறான் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அரைப் பக்கம்

பயோடேட்டா அடிக்க, மூஞ்சிக்கல்லில் இருக்கும் ரபீக் பாயின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். பெயர், பிறந்த தேதி, படிப்பு எல்லாம் வேகமாக அடித்துவிட்டார். "எங்க வேல பாத்தீங்க?" என்றார். சொன்னேன். "அதுக்கு முன்னாடி?" இல்லை. "சும்மா, நடுவுல ஒரு ஆறு மாசம் எங்கயாச்சும்?" அதுவும் இல்லை. பொழுதுபோக்கு என்ன என்று கேட்டபோது நிஜமாகவே யோசித்தேன். ஊரில் எங்கெங்கே சுற்றிப் பார்க்கலாம் என்று அடுத்தவர்களுக்குச் சொல்லியே என் பொழுது போயிருக்கிறது. அந்த இடங்களில் ஒன்றையாவது நான் கடைசியாக எப்போது போய்ப் பார்த்தேன்? பாயிடம் அதைச் சொல்லவில்லை. "வாசிப்பு" என்று போடச் சொன்னேன்.

எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வரிகளை விலக்கிப் பார்த்தார். அப்படியும் பாதிப் பக்கம் வெள்ளையாகவே கிடந்தது. பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பேரு, பொறந்த தேதி, ஒரே வேல. பேப்பர்ல அடிச்சா பயோடேட்டா, கல்லுல வெட்டுனா கல்லறை."

பழக்க தோஷம்

முதல் இன்டர்வியூ ஒரு பெரிய ரிசார்ட்டில். எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு மகள் வயதுதான் இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். நானும் முந்தின நாளெல்லாம் கண்ணாடி முன்னால் பதில் சொல்லிப் பழகியிருந்தேன். ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள் என்று கேட்டால்கூட ஒரு பதில் தயாராக இருந்தது.

அவர் என் பயோடேட்டாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கம்ப்யூட்டர் ஸ்கில்ஸ் காணோமே சார்" என்றார். ஒரு லாட்ஜ்காரன் காதில் விழக்கூடாத சொல் அது. சோப்பு காணோமே, வாளி காணோமே, டவல் காணோமே என்று காலமெல்லாம் கேட்ட உடம்பு. யோசிப்பதற்குள் எழுந்து நின்றுவிட்டேன். "மன்னிக்கணும் மேடம், அஞ்சு நிமிஷத்துல ரூமுக்கு அனுப்பி வைக்கிறேன்" என்றேன்.

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "ரெண்டா அனுப்புங்க சார், எனக்கும் ஒண்ணு தேவைப்படுது."

பின்னால் என்ன?

அடுத்தது வீடியோ இன்டர்வியூ. சென்னைக் கம்பெனி, கொடைக்கானலில் அவர்களுக்கு ஒரு ஹோட்டல் உண்டு. எங்கள் வீட்டில் ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் நிற்கும். அமலி அயர்ன் பண்ணிக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, ஸ்வெட்டர் போட்டால் மரியாதையாக இருக்காது என்று குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். போனில் என் முகம் நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் எனக்குப் பின்னால் மரமும் இல்லை, எதிர்வீடும் இல்லை. வெள்ளைத் துணி கட்டிவிட்ட மாதிரி ஒரே வெளுப்பு.

"சார், அந்த பேக்ரவுண்ட் எஃபெக்ட்ட ஆஃப் பண்ணிருங்க. நீங்க இருக்கிற இடம் எங்களுக்குத் தெரியணும்" என்றார் அந்த முனையில் இருந்தவர். எஃபெக்ட் இல்லை, மேகம் என்றேன். நம்பவில்லை. நிரூபிக்கலாம் என்று ஜன்னலைத் திறந்தேன். மேகம் உள்ளேயே வந்துவிட்டது. இப்போது நானும் மங்கிப்போனேன். அவர் பொறுமையான மனிதர்தான். "ஓகே சார், உங்க மேகம் போனதும் ஒரு மிஸ்டு கால் குடுங்க" என்று வைத்துவிட்டார்.

அடுப்படியில் ஒரு தேர்வு

இப்படியே போனால் ஆகாது என்று அமலியே எனக்கு இன்டர்வியூ எடுத்தாள். அடுப்படியில் ஸ்டூலைப் போட்டு, ரசத்துக்குத் தாளித்துக்கொண்டே. "ஒக்காருங்க" என்றாள். நின்றேன். "ஏங்க, இம்புட்டு நேரமா ஒக்காரச் சொல்றேன், கம்பம் மாதிரி நிக்கிறீங்க?" அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எதிரே ஒருவர் கேள்வி கேட்டால் என் உடம்பு தானாக எழுந்து நின்றுவிடுகிறது. விருந்தாளி முன்னால் ரிசப்ஷன்காரன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இத்தனை காலம் நான் கற்றுக்கொண்டது நிற்க மட்டும்தானா என்று மனசு கேட்டது.

"சரி, இந்த வேலையில ஏன் சேரணும்னு நெனைக்கிறீங்க?" என்றாள். இங்கிலீஷில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். "திருப்பூர்ல இதவிட நல்ல சம்பளம் கெடைக்குதாமே. அங்க ஏன் போகல?" அங்கே வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன். கொசு வேறு என்றேன். அவளை விட்டுவிட்டுத் தனியாகச் சாப்பிட்டு, தனியாகப் படுத்து எழ முடியாது என்பதுதான் விஷயம். அதை ஏன் என் வாய் சொல்லவில்லை? முன்பின் தெரியாத ஊர்க்காரர்களிடம் எல்லாம் நாள் முழுக்க இனிக்கப் பேசியவன் நான்.

அமலி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "ஆளு உண்மையச் சொல்ல மாட்டேங்குறாரு. வேல கெடையாது, போயிட்டு வாங்க."

பள்ளங்கியில் கடைசி இன்டர்வியூ

சீசனில் கடைசி வாரம். எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்று மைத்துனன் கேட்டுவிட்டான். அன்றைக்குத்தான் ரபீக் பாய் ஒரு தகவல் சொன்னார்: பக்கத்தில் பள்ளங்கி கிராமத்தில் சிவலிங்கம் என்பவர் தன் பூண்டுத் தோட்டத்துக்குள் டூரிஸ்டுகளுக்கு ரூம் கட்டி விட்டிருக்கிறார், ஆள் தேவையாம்.

மறுநாள் வெள்ளனே கிளம்பிப் போனேன். சிவலிங்கம் கையில் மண்ணோடு வந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். நான் பழக்கப்படி நின்றேன். அவரும் நின்றார். நீங்கள் உட்காருங்கள் என்றேன். "எங்க அய்யா சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல இருந்தவருங்க. காலையில பெரட்டுக்களத்துல ஆளுகள வரிசையா நிக்க வச்சுத்தான் தொரை கேள்வி கேப்பாராம். ஒருத்தர நிக்க வச்சுட்டு நான் ஒக்காந்து பேசுறது நமக்கு ஒத்துவராதுங்க" என்றார். அதற்காகவே உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார்.

அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. தன் கஷ்டத்தைத்தான் சொன்னார். பனியில் வழி தெரியாமல் வண்டிக்காரர்கள் போன் செய்கிறார்கள், இவர் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார். சுடுதண்ணி வரவில்லை என்று ஒருவர் ஹிந்தியில் கத்துகிறார், இவருக்கு ஹிந்தி தெரியாது. "யாராச்சும் கூட இருந்து இதப் பாத்துக்கிட்டா, நான் எஞ்சோலியப் பாப்பேன்."

வந்த காரியமே மறந்து எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. எப்படிப்பட்ட ஆள் வேண்டும், இன்டர்வியூவில் அவனிடம் என்னென்ன கேட்க வேண்டும், பலவீனத்தைக் கேட்டால் எந்தப் பதிலை நம்பக்கூடாது என்று விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "எனக்கு இதெல்லாம் கேக்கத் தெரியாதுங்க. நல்ல ஆளா நீங்களே ஒருத்தரச் சொல்லுங்களேன்" என்றார்.

யோசித்தேன். லாட்ஜில் என்னோடு இருந்த ஒரு பையன் சுறுசுறுப்பானவன், வயசும் குறைவு. இன்னொருவனுக்கு ஹிந்தி தண்ணீர்பட்ட பாடு. என்னைவிட இரண்டு பேருமே தேவலை. எங்கள் லாட்ஜில் ரூம் இல்லாவிட்டால் வந்தவர்களைப் பக்கத்து லாட்ஜுக்கு அனுப்பியே பழகியவன் நான். முதல் பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போது திருப்பூர் பஸ் நினைவுக்கு வந்தது. அமலி அடுப்பை அணைத்துவிட்டுப் பார்த்த பார்வையும் வந்தது.

"நானே வர்றேங்க. எம் பொண்டாட்டி இந்த ஊர்ல இருக்கா. அவளை விட்டுட்டு என்னால கீழ போக முடியாது" என்றேன். குரல் யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

சிவலிங்கம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டு சிரித்தார். "அதத்தானங்க நீங்க வந்ததுலேருந்து நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

ஆகவே, என் இனத்தவரே, பதில்களை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போகிறவனுக்குக் கேள்வி ஒன்றுதான் காதில் விழாமல் போகிறது.