ஆறாமல் எரிந்த சதுரம்

என் மனைவிக்கு மார்பில் கட்டியை எடுத்துவிட்டு, திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே கதிர் வைத்தார்கள். 'லைட் வைக்கிறது' என்றுதான் நாங்கள் சொல்வோம். எங்கள் ஊர்களும் தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று பாறசாலையில் ஊர்வலம் நடந்த காலம் அது. நானும் போனேன். போலீஸ் லத்தி தோளில் இறங்கியும் கோஷத்தை நிறுத்தவில்லை. அவ்வளவு பெரிய தைரியசாலி!

லைட் வைத்து முடிந்தபோது தோல் லேசாகச் சிவந்திருந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் கறுக்கத் தொடங்கியது, ஸ்கேல் வைத்து வரைந்தது மாதிரி நல்ல சதுரமாக. தீயும் இல்லை, புகையும் இல்லை; தினமும் கொஞ்சம் எரிந்தது. வெங்காயத் தொலிபோல உரிந்து, அடியில் ஈரமாகச் சிவந்தது. ஒரு மத்தியானம் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன். தொடுவதற்கு முன்பே உள்ளங்கையில் சூடு தட்டியது. விளக்கை அணைத்து எத்தனை நாளாயிற்று! இவளுக்குள் யார் இன்னும் எரித்துக்கொண்டிருக்கிறார்கள்?

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளை வெளியே பெஞ்சில் இருத்திவிட்டு நர்ஸிடம் கேட்டேன்.

"பேடிக்கண்டா," பயப்பட வேண்டாம் என்று சிரித்தாள் நர்ஸ். சோப்பும் எண்ணெயும் படக்கூடாது, ஊதா மருந்தைப் பூசிப் பழைய துணியைத் தளர்வாகப் போட்டால் ஆறிவிடும் என்றாள். லைட் உடம்பில் தங்காது, பிள்ளையை மற்றப் பக்கமாகத் தாராளமாக எடுக்கலாம் என்றும் சொன்னாள்.

எங்கள் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது.

"பிள்ளைய எடுக்கலாமாண்ணு கேட்டியளா?" என்றாள் மனைவி, பஸ்ஸில்.

"கேட்டேன். ஆறுறது வரை கூடாதாம்."

பாவி நான். நர்ஸின் பேச்சைவிட என் உள்ளங்கையைத்தான் நம்பினேன். வீட்டில் பிள்ளை அவள் பக்கம் நடந்தாலே, "மக்கா, அம்மைக்கிட்ட போவாதே, சுடும்!" என்று தூக்கிக்கொண்டு ஓடுவேன். அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

இரண்டு மாதத்தில் புண் ஆறியது. கறுத்த சதுரம் மட்டும் போகவில்லை. உடம்பெல்லாம் வேர்த்து ஒழுகினாலும் அந்த இடம் உலர்ந்தே இருக்கும். பார்க்க எனக்கு உடம்பு கூசும். ஆனாலும், "இனி எடுக்கலாம்," என்றேன்.

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். "வா மக்கா." பிள்ளை என் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்து அலறியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நர்ஸ் சொன்னதை அப்போதுதான் சொன்னேன்.

"அண்ணைக்கு மருந்து பூசையில எங்கிட்டயும் அவ சொன்னாளாக்கும்," என்றாள், நீட்டிய கையை மடக்காமல். "உங்களுக்குப் பயம் மாறட்டும்னு இருந்தேன்."